பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு வேலைமேசை பவர் சப்ளை



தொழிற்கருவி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் முன்பெல்லாம் தையல் மெஷின்தான் அதிகம். இப்போது மொபைல் சர்வீஸ் சாமான்கள் அதற்குச் சமமாக வந்து நிற்கின்றன. சென்ற வருடம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி மனு கொடுத்தார். வாப்பா இல்லை. உம்மா பீடி சுற்றித்தான் குடும்பம் நடக்கிறது. ஒரு கடையில் இரண்டு வருடம் கைவேலை கற்றிருக்கிறார், வீட்டுத் திண்ணையிலேயே சொந்தமாகத் தொடங்க ஆசை. அவர் கேட்ட பட்டியலில் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஹாட் ஏர், டிசி மெஷின் என நான்கு இருந்தன. முதல் மூன்றும் வாங்கிக் கொடுத்தோம். நான்காவதற்குப் பணம் எட்டவில்லை. நம்பிக்கையாக வேலை செய்யும் டிசி பவர் சப்ளை என்றால் சில ஆயிரங்கள் ஆகிறது, அதே நிதிக்கு வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் அலுவலகப் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்கள் நினைவுக்கு வந்தன. மக்தப் பிள்ளைகள் படிப்பதற்காக என்று நல்லவர்கள் கொடுத்தவை. பத்துப் பதினைந்து வருடப் பழசு, இனி யாருக்கும் உதவாது. ஆனால் அவை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பவர் சப்ளை இருக்கிறது. அதைக் கொண்டு தம்பிக்கு ஒரு டிசி மெஷின் செய்து கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ். பிறகு இன்னும் சிலருக்கும் செய்தோம். எப்படிச் செய்வது என்று பலர் கேட்பதால் இங்கே எழுதுகிறோம். செய்கையில் நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறோம். இது கரண்டு விஷயம், மறைத்தால் இன்னொருவர் கையைச் சுடும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கம், கரண்டு ஒயர் செருகும் இடத்தில் இருக்கும் தகரப் பெட்டியை எஸ்எம்பிஎஸ் என்கிறோம். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர்களில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டுக்கு வரும் கரண்டு விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அந்த வேகத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் வேறு வழியில் போகிறது. 230 வோல்ட் ஏசியை முதலில் நேரடியாக டிசி ஆக்குகிறது. அது சுமார் 325 வோல்ட் வரும். பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அவ்வளவு வேகத்தில் வெட்டும்போது தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் இந்த முறையைத்தான் வைத்தார்கள். இப்போது செல்போன் சார்ஜர் வரை எல்லாமே இதுதான்.

மேலே சொன்ன 325 வோல்ட்டை நினைவில் வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் சற்று நேரம் தங்கியிருக்கும். ஒழுங்காக இருந்தால் சில நிமிடங்களில் வடிந்துவிடும். வடிக்கும் ரெசிஸ்டர் போய்விட்ட பழைய பெட்டியில் எவ்வளவு நேரம் தங்கும் என்று சொல்ல முடியாது. இணையத்தில் வரும் வீடியோக்களில் எல்லோரும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து, தகரத்தில் ஓட்டை போட்டு, அதிலேயே சாக்கெட்டுகளை மாட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வகுப்பில் அதை அனுமதிப்பதில்லை. தகரத்தில் ஓட்டை போடும்போது விழும் ஒரு துருவல் உள்ளே போர்டில் சிக்கினால் போதும். நாங்கள் செய்யும் முறையில் பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை. வெளியே வரும் ஒயர்களைப் பக்கத்திலேயே ஒரு பிவிசி பெட்டிக்குள் கொண்டுபோகிறோம். எலெக்ட்ரீஷியன்கள் சுவிட்ச் மாட்டும் அதே பெட்டிதான்.

எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை உடைத்து ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் கடைகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பல கடைக்காரர்கள் நனைந்த கம்ப்யூட்டர்களைக் கழித்துப் போட்டார்கள். அவற்றில் சில இன்றும் பழைய இரும்புக் கடைகளில் துடைத்துப் பளபளப்பாக உட்கார்ந்திருக்கின்றன. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவை வேண்டாம். ஆற்று வண்டல் உள்ளே படிந்து காய்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறியதும் அதே வண்டல் கரண்டைக் கடத்தும். திருகு ஆணிகளில் துரு, காற்றாடி இதழ்களில் மண் நிறத் தடம் இருந்தால் அது வெள்ளத்தில் முங்கிய பெட்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.

(வடக்கே சென்னைப் பக்கம் பழைய இரும்புக் கடையைக் காயலான் கடை என்பார்கள். அந்தத் தொழிலைச் செய்த காயல்பட்டினத்தாரால்தான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. அங்கிருந்து வரும் நம் உறுப்பினர் ஒருவருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பெருமை வந்துவிடும். அதனால் இதைச் சேர்த்திருக்கிறோம்.)

டார்ச் அடித்துக் காற்றாடி வலை வழியாக உள்ளே பாருங்கள். உருளையான கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்திருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். காற்றாடியைக் குச்சியால் தள்ளினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

அடுத்தது ஒயர்கள். 1995-ல் இன்டெல் கம்பெனி ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த பெட்டிகள் பெரும்பாலும் ஒரே நிற வரிசையில்தான் இருக்கும். மதர்போர்டில் செருகும் பெரிய பிளக்கில் 20 அல்லது 24 ஓட்டைகள் இருக்கும். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், நீலம் மைனஸ் 12 வோல்ட். கறுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான மைனஸ். ஊதா 5 வோல்ட். கம்ப்யூட்டர் ஆஃப் நிலையில் இருந்தாலும் இதில் கரண்டு வந்துகொண்டே இருக்கும். சாம்பல் நிறம், எல்லா வோல்ட்டேஜும் சரியாகிவிட்டது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் ஒயர். பச்சைதான் சாவி. அதைக் கறுப்போடு சேர்த்தால் பெட்டி ஓடும், பிரித்தால் நிற்கும். பெரிய கம்பெனிகளின் சில கம்ப்யூட்டர்களில் பிளக்கும் நிறமும் வேறு மாதிரி இருக்கும். மேலே சொன்ன வரிசைக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுவதே நல்லது. 1995-க்கு முந்தைய மாடலில் பச்சை ஒயரே கிடையாது. முன்பக்கச் சுவிட்ச் வரை 230 வோல்ட் ஒயர் போகும். அதுவும் வேண்டாம்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குக் கீழே உள்ள சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதில் 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 168 வாட்தான். பெயர் தெரியாத கம்பெனிப் பெட்டி என்றால் அதிலும் பாதியைத்தான் நாங்கள் நம்புகிறோம். நம் வேலைக்கு அந்தப் பாதியே தாராளம்.

இனி எங்கள் முதல் தவறு. சில பழைய பெட்டிகளின் பின்பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறச் சிறிய சுவிட்ச் இருக்கும். அமெரிக்கா போன்ற நாடுகளில் கரண்டு 115 வோல்ட் பக்கத்தில்தான் வரும், அதற்காக வைத்தது. முதல் வகுப்பில் யாரோ விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளியிருக்கிறார்கள். நாங்கள் கவனிக்கவில்லை. பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டதும் பட்டாசு போல வெடித்துப் புகை கிளம்பியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, இறைவன் காத்தான். பத்துப் பதினைந்து பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் குனிந்துகொண்டிருந்த நேரம் அது. அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் அந்தச் சுவிட்சை 230-ல் வைத்து மேலே டேப் ஒட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

மூன்றாவது பின்

இரண்டாவது தவறு இதைவிட மோசம். அது சத்தமில்லாமல் வந்தது. செய்து முடித்த ஒரு மெஷினைப் பயிற்சிக்கு வந்த பிள்ளை தொட்டதும் "சுருக்குன்னு இருக்கு" என்றார். நாங்கள் முதலில் நம்பவில்லை. மறுநாள் இன்னொருவர் அதையே சொன்னார். தேடிப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் எர்த் பின் உடைந்திருந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலேயே கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து தகரப் பெட்டிக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து தகரப் பெட்டிக்கு. எர்த் இருந்தால் அதில் கசியும் மிகச் சிறிய கரண்டு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகரப் பெட்டி நடுவில் தொங்கி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். கசியும் கரண்டு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் சுருக்கென்பதோடு போகும். ஆனால் உள்ளே வேறு ஏதாவது பழுது வந்து பேஸ் ஒயர் தகரத்தில் பட்டால், காப்பாற்ற எர்த்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. தகரப் பெட்டியும் கறுப்பு ஒயரும் உள்ளே இணைந்திருப்பதால், ரிப்பேருக்கு வைத்திருக்கும் போனுக்குள்ளும் அந்த வோல்ட்டேஜ் போகும். நுண்ணிய ஐசி ஒன்று சத்தமில்லாமல் செத்துவிடும். நாம் ரிப்பேர் தெரியவில்லை என்று நம்மையே நொந்துகொள்வோம்.

நம் பகுதியின் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் என்பது பெயருக்குத்தான். சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. அதனால் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். மெஷினைக் கொடுப்பதற்கு முன் நம் எலெக்ட்ரீஷியன் சகோதரர் அந்த வீட்டுக்குப் போய் எர்த்தைச் சோதிப்பார். இல்லையென்றால் எர்த் போட்டுக் கொடுத்த பிறகுதான் மெஷின். முடிந்த இடங்களில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டுகிறோம். இதற்கு ஆகும் செலவு பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் விலையைவிட அதிகம். சில நிர்வாகிகள் முணுமுணுத்தார்கள். திண்ணையில் குழந்தைகள் ஓடும் வீட்டில் வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

செய்யும் விதம்

வெட்டுவதற்கு முன் சோதியுங்கள். பின்பக்கச் சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கைச் செருகுங்கள். பெரிய பிளக்கில் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு வளைத்த கம்பியால் இணையுங்கள். இதில் இருப்பது 5 வோல்ட்தான், பயமில்லை. சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்ற வேண்டும். மல்டிமீட்டரில் மஞ்சள் 11.4-லிருந்து 12.6-க்குள்ளும், சிவப்பு 4.75-லிருந்து 5.25-க்குள்ளும் காட்ட வேண்டும். பிறகு ஆட்டோ ஸ்பேர் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் எரியவிட்டு மீண்டும் அளங்கள். அதற்குப் பிறகு 55 வாட் ஹெட்லைட் பல்பு. கால் மணி நேரம் எரியவிட்டு, வோல்ட்டேஜ் இறங்குகிறதா, வாடை வருகிறதா, காற்றாடி திணறுகிறதா என்று பாருங்கள். எடுத்தவுடன் ஹெட்லைட் பல்பைப் போட வேண்டாம். குளிர்ந்திருக்கும் இழை முதல் நொடியில் பல மடங்கு கரண்டு இழுக்கும், பெட்டி அதை ஷார்ட் என்று நினைத்து நின்றுவிடும். அப்படி நின்றால் சுவிட்சை ஆஃப் செய்து சற்று நேரம் விட்டுப் போட்டால் திரும்ப ஓடும்.

பெரிய பிளக்கை நாங்கள் வெட்டுவதில்லை. அதில் ஓர் ஓட்டையில் ஆரஞ்சு ஒயரோடு மெல்லிய ஒயர் ஒன்றும் சேர்ந்து போகும், பல பெட்டிகளில் பழுப்பு நிறம். மதர்போர்டுக்குப் போய்ச் சேரும் 3.3 வோல்ட் எவ்வளவு என்று உளவு பார்த்துச் சொல்லும் ஒயர் அது. பிளக்கை வெட்டி, அதைத் தனியே தொங்கவிட்டால் பெட்டி குழம்பி ஓட மறுக்கும். பலர் 'பெட்டி போய்விட்டது' என்று தூக்கிப் போடுவது இதனால்தான். ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்றால் பழுப்பை ஆரஞ்சோடு சேர்த்து முறுக்கிப் பற்றவையுங்கள், சரியாகிவிடும். நாங்கள் பெரிய பிளக்கில் பச்சையையும் ஒரு கறுப்பையும் மட்டும் வெட்டி எடுத்து ஒரு சாதாரணச் சுவிட்சில் இணைக்கிறோம். மெஷினை ஆன், ஆஃப் செய்ய அதுதான்.

கரண்டு எடுக்க ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் நான்கு முனைப் பிளக்குகளைப் பயன்படுத்துகிறோம். அதில் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, இரண்டு கறுப்பு. இப்படி இரண்டு மூன்று வரிசைகள் பெட்டியிலிருந்து வரும். இரண்டு வரிசைகளின் முனையை வெட்டிப் பிவிசி பெட்டிக்குள் விட்டு, மஞ்சளை ஒரு திருகு சாக்கெட்டுக்கும், சிவப்பை இன்னொன்றுக்கும், கறுப்புகளைச் சேர்த்து மூன்றாவதற்கும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு மஞ்சளிலும் சிவப்பிலும் 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். 'பெட்டிக்குள்தான் பாதுகாப்பு இருக்கிறதே, ஃபியூஸ் எதற்கு?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெட்டியின் பாதுகாப்பு அதன் முழு அளவைத் தாண்டினால்தான் வேலை செய்யும். 14 ஆம்பியர் வரை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் உங்கள் மெல்லிய ஒயர் உருகித் தீப்பிடித்திருக்கும்.

பயன்படுத்தாத ஒவ்வொரு ஒயர் முனையையும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடுங்கள். எல்லாவற்றையும் ஒரே டேப்பில் சுற்றுவது பிற்காலத்தில் வம்பு.

இன்னும் ஒன்று. பழைய பெட்டிகள் 5 வோல்ட்டில் சிறிது சுமை இருந்தால்தான் நிலையாக ஓடும். சுமையில்லாவிட்டால் சில ஓடாது, சில 12 வோல்ட்டைச் சரியாகக் காட்டாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக மாட்டுங்கள். அரை ஆம்பியர் எடுக்கும், இரண்டரை வாட் சூடாகும். தொட்டால் சுடும். அதைப் பிவிசி பெட்டிக்குள் வைக்காமல் வெளியே ஓர் அலுமினியத் துண்டில் பதித்து, எஸ்எம்பிஎஸ் காற்றாடி ஊதும் பக்கம் வைக்கிறோம். புதிய பெட்டிகள் பலவற்றுக்கு இது தேவைப்படாது. போட்டும் போடாமலும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். சாம்பல் ஒயரிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிறிய பச்சை எல்இடி மாட்டினால், வோல்ட்டேஜ் சரியாக இருக்கும்போது மட்டும் எரியும். செலவு இரண்டு மூன்று ரூபாய், பார்க்கவும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

மொபைல் வேலைக்கு இது மட்டும் போதாது

இதுவரை செய்தது 12, 5 என்று இரண்டு நிலையான வோல்ட்டேஜ் தரும் மெஷின். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், எல்இடி ஸ்ட்ரிப், கார் ஸ்டீரியோ, பேட்டரியிலும் ஓடும் பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றைச் சோதிக்க இது போதும். வீட்டில் அடாப்டர் போய்விட்டதா, ரவுட்டரே போய்விட்டதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். போனுக்கு இதை நேராகக் கொடுத்தால் போன் கருகிவிடும். போன் பேட்டரி 3.7 வோல்ட் வகை, முழுதாக ஏறினால் 4.2 பக்கம். அதைவிட முக்கியம் கரண்டின் உச்ச வரம்பு. ஷார்ட் ஆன போர்டுக்கு 5 ஆம்பியர் கொடுத்தால் சிறிய பழுது பெரிய ஓட்டையாகிவிடும்.

அதற்காக எக்ஸ்எல்4015 என்ற ஐசி உள்ள சிறிய போர்டு ஒன்று கிடைக்கிறது. வோல்ட்டேஜுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று என்று திருகு உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். கரண்டு திருகு இல்லாததும் அதே பெயரில் விற்கிறது. 12 வோல்ட்டை அதன் உள்ளே கொடுத்து, வெளியே ஒன்றும் மாட்டாமல் 4 வோல்ட் வரும்படி முதல் திருகை வையுங்கள். பிறகு மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து வெளிமுனைகள் இரண்டையும் அதன் வழியாக இணைத்து, இரண்டாவது திருகால் 1 ஆம்பியருக்குக் கொண்டுவாருங்கள். இனி எவ்வளவு மோசமான ஷார்ட் ஆனாலும் 1 ஆம்பியரைத் தாண்டாது. 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 3-க்கு மேல் இதை ஓட்ட வேண்டாம். இதோடு வோல்ட், ஆம்பியர் இரண்டும் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்றைச் சேர்த்தால் கடையில் விற்கும் டிசி மெஷின் செய்யும் வேலை ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும்.

இந்தப் போர்டில் ஒரு சூட்சுமம் உண்டு. கரண்டை அளக்கும் ரெசிஸ்டர் இதன் மைனஸ் வழியில் இருக்கிறது. அதனால் உள்ளே போகும் மைனஸும் வெளியே வரும் மைனஸும் ஒன்றல்ல. வெளி மைனஸைத் தெரியாமல் தகரப் பெட்டியிலோ கறுப்பு சாக்கெட்டிலோ இணைத்துவிட்டால் கரண்டு அந்தக் குறுக்கு வழியில் போய்விடும், உச்ச வரம்பு வேலை செய்யாது. சோதிக்கும் போனை அதே நேரத்தில் யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு மாட்டினாலும் இதே கதைதான். மேலப்பாளையம் தம்பி ஒரு போர்டைக் கருக்கிய பிறகுதான் எங்களுக்கும் இது புரிந்தது. அது வாடிக்கையாளர் போன். பணத்தை நாங்கள் கொடுத்தோம்.

மீட்டரைப் படிக்கத் தெரிவதுதான் தொழில். போனின் பேட்டரி முனையில் 4 வோல்ட் கொடுத்ததும், பவர் பட்டனை அமுக்குவதற்கு முன் ஆம்பியர் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். அமுக்காமலே ஏறினால் பேட்டரி வழியிலேயே எங்கோ ஷார்ட். அமுக்கிய பிறகும் அசையவில்லை என்றால் பட்டன் அல்லது பவர் ஐசி பக்கம் பார்க்க வேண்டும். அமுக்கியதும் ஏறி இறங்கி ஏறி ஆடினால் போன் எழுந்துகொள்ள முயல்கிறது, டிஸ்ப்ளே மட்டும் போயிருக்கலாம். பத்து நல்ல போன்களை மாட்டி மீட்டர் எப்படி ஆடுகிறது என்று நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறோம். கெட்டுப்போன பதினோராவது போன் வரும்போது அந்த நோட்டு பேசும்.

இதைக்கொண்டு எந்த பேட்டரியையும் சார்ஜ் செய்யாதீர்கள். இன்வெர்ட்டர், பைக் பேட்டரி முழுதாக ஏற 14 வோல்ட் பக்கம் வேண்டும், 12 வோல்ட்டில் ஏறாது. மெஷினை ஆஃப் செய்தால் பேட்டரியிலிருந்து கரண்டு பின்னோக்கிப் பாயும். லித்தியம் பேட்டரிக்கு அதற்கென்று உள்ள சார்ஜர் மட்டுமே. சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஊதா ஒயரிலும் பெட்டிக்குள்ளும் கரண்டு இருக்கும். வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கும் பழக்கம் வேண்டும்.

வேலை தெரிந்த பிள்ளைகள் பேட்டை அரசு ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படிப்பில் சேரலாம். மெஷின் செய்யத் தெரிந்துவிட்டால் படிப்பு வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். எர்த் சோதிக்க எலெக்ட்ரீஷியனைத் தேடி நாங்கள் அலைந்ததை அவருக்குச் சொன்னோம்.

சோதனையில் தேறாத பெட்டிகளை ஆற்றங்கரையில் போட்டுச் செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதை யாரும் செய்ய வேண்டாம். அந்தப் புகை கொளுத்துபவர் நெஞ்சுக்குத்தான் முதலில் போகும். சாம்பல் மழையில் கரைந்து நாம் குடிக்கும் தாமிரபரணியில் இறங்கும். கெட்ட பெட்டிகளை அலுவலகத்தில் கொடுத்தால் சேர்த்து வைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்கிறோம்.

வீட்டிலோ கடையிலோ பழைய கம்ப்யூட்டர் இருப்பவர்கள், வெள்ளத்தில் நனையாததாக இருந்தால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் சேர்க்கலாம். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கை நீங்களே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் குடும்பப் படங்கள் அதில் இருக்கும். தற்போது ஆறு பேர் மெஷினுக்காகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் வீட்டில் இன்னும் எர்த் போடவில்லை.